இறந்தவளுக்குப் போட்ட நீலம்

அக்கா,

இன்று காலை பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, எங்கடை தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலுக்கு நடந்து வந்தேன். வளையல் கடைக் கண்ணாடிக்குள் நீல மணிமாலைகள் தொங்கின. மரக்கறி வாங்க வந்தவள், பையோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

உங்கள் கணவர், அண்ணை, இறந்த பிறகு நீங்கள் கழுத்தில் ஒரு நூல்கூடப் போட்டதில்லை. வெளிறிய சேலை, வெறும் நெற்றி. கார்ஜ் புறநகரில் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கும் அது பழகிப்போயிருந்தது. ஒரு ஞாயிறு உங்கள் மகள் எங்கள் இருவரையும் அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். எகிப்துப் பகுதியில் நான் உட்கார இடம் தேடியபோது, நீங்கள் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் அசையாமல் நின்றீர்கள்.

உள்ளே, துணி சுற்றிய ஒரு பெண்ணின் உடல். கழுத்திலிருந்து கால்வரை நீல மணிகள் கோத்த வலை. எத்தனையோ ஆயிரம் ஆண்டு கடந்தும், நேற்றுக் கழுவி வைத்ததுபோல் மினுங்கியது. கல் என்றீர்கள் நீங்கள். கண்ணாடி என்றேன் நான். பிரெஞ்சில் எழுதியிருந்ததை வாசித்து மகள் விளக்கினாள். இரண்டும் இல்லையாம். மணல் மாவில் சாம்பலும் செம்பும் சேர்த்துப் பிசைந்து உருட்டுவார்களாம். காயும்போது உள்ளிருக்கும் உப்பு தானாக மேலே பூக்குமாம். சூளையில் அந்தப் பூப்பே உருகி நீலமாய்ப் பளபளக்குமாம். யாரும் மேலே பூசிய நிறமில்லை.

"வெறும் மணலோ?" என்று கேட்டீர்கள். மூலஸ்தானத்தின் முன்னால் பேசுவதுபோல உங்கள் குரல் தாழ்ந்திருந்தது.

மறுபடி உயிர்ப்பதற்கான நிறம் என்று நம்பித்தான் இறந்தவர்களுக்கு அதை அணிவித்தார்கள் என்றாள் மகள்.  நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"செத்தவளுக்கே நிறம் குடுத்திருக்கினம். நான் உயிரோடை இருக்கிறன்."

அடுத்த கிழமை இந்தக் கடையில்தான் நீல மாலை வாங்கினீர்கள். அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனபோது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலாகக் கும்பிட்டு, அன்னதானமும் சாப்பிட்டுவிட்டே வந்தீர்கள்.

உங்களைப் பெட்டியில் வைத்த அன்று ஓர் உறவுக்காரி அந்த மாலையைக் கழற்றப் போனார். உங்கள் மகள் அவர் கையை மெல்ல விலக்கினாள்.

"கழட்டாதேங்கோ அன்ரி. அம்மா போட்டபடியே போகட்டும்."

போன தையில் என் கணவரும் போய்விட்டார், அக்கா. நான் உங்களைப்போலத் துணிந்தவள் அல்ல. மாதக்கணக்காக நிலைக்கண்ணாடியைப் பார்க்காமலே தலை சீவினேன். இன்று காலை அதன் முன்னால் நின்று குங்குமத்தை எடுத்தேன்.  நெற்றியில் வைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டு வெளிக்கிட்டேன்.