பசிக்கிறதென்று சொல்லாத அண்ணனுக்கு

என் பிரியமான அண்ணே,

உங்கள் மகள் மலர் கப்பலுக்குப் போய்விட்டாள். எஞ்சின் அறையில் பயிற்சி வேலை. மதினி சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். அவளிடம் அது பலிக்கவில்லை. பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

உலக நாடுகள் கூடி, கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னின்ன உரிமை உண்டு என்று உடன்படிக்கை எழுதியபோது நீங்கள் உயிரோடுதான் இருந்தீர்கள். நல்ல சோறு, ஓய்வு, வைத்தியம், ஊருக்குத் திருப்பி அனுப்புவது எல்லாம் அதில் உண்டு. ஆனால் நம் நாடு சட்டத்தைத் திருத்தி அதில் சேர வருஷக்கணக்கில் ஆயிற்று. கடலுக்கு ஆள் அனுப்புவதில் இருந்த சுறுசுறுப்பு இதில் இல்லை. அந்த இடைப்பட்ட காலத்தில்தான் உங்கள் கப்பல் முதலாளி ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலையும் உங்களையும் விட்டுவிட்டுக் காணாமல் போனான்.

அப்போது போனில் என்ன சொன்னீர்கள்? “நல்லா இருக்கேன்த்தா. கறியும் மீனும் தின்னு அலுத்துப்போச்சு.” கஞ்சித் தண்ணீரைப் பங்கு போட்டுக் குடித்துக்கொண்டு, காய்ச்சலோடு சொன்ன பொய். நீங்கள் கண்ணை மூடிய பிறகு, உங்களோடு கப்பலில் இருந்தவர் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவர் வீட்டுக்குக் கவலை சொல்லக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன காலத்திலிருந்து வருகிறது. நாசமாய்ப் போன வழக்கம்.

அதனால்தான் காரைக்குடி ஸ்டேஷனில் மலருக்குத் திருநீறு பூசிவிட்டு, “நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லணும்” என்றேன். “கெளம்புற நேரத்துல பேசுற பேச்சா இது?” என்று மதினி என் கையைக் கிள்ளினார்.

போன வாரம் மலர் கூப்பிட்டாள். “அயித்தை, நல்லா இல்லை. தூங்கவே விட மாட்டேங்குறாக.” மதினி போனைப் பிடுங்கி, “பொறுத்துக்கத்தா, பெரியவுககிட்ட மல்லுக்கு நிக்காத” என்றார். “கேப்டன்கிட்ட புகார் எழுதிக் குடுத்துட்டேன்ம்மா. ஓய்வு குடுக்கணும்னு சட்டம் இருக்கு” என்றாள் அவள். அதற்காகப் பாதி வழியில் இறக்கிவிடுவார்களோ, இனி எந்தக் கப்பலிலும் சேர்க்க மாட்டார்களோ என்று நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

நேற்று மறுபடி கூப்பிட்டாள். கேப்டன் வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்துவிட்டாராம். முறைத்துக்கொண்டுதான் கொடுத்தாராம், முறைக்கட்டுமே. “நல்லாத் தூங்குனேன்” என்றாள். போனை வைத்ததும் மதினி உடைந்து அழுதார். “அவுகளும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

ஏன் அண்ணே சொல்லவில்லை? சட்டம் இல்லாவிட்டால் என்ன, நாங்கள் இருந்தோமே. பசிக்கிறது என்று ஒரு முறை சொல்லியிருந்தால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய்ப் படுத்திருப்பேன். உங்களுக்கு என்னைத் தெரியாதா?

மலரிடம் பொறுத்துக்கொள் என்று இனி இந்த வீட்டில் யாரையும் சொல்லவிட மாட்டேன். அவள் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பேன். அழாமல் கேட்பேன்.

உங்கள் வாயாடித் தங்கை,
சிவகாமி