பேர் போடாத மனு

மே 31, சனி

வெயில் குறையவில்லை. குழாயில் இரண்டாம் நாளாகத் தண்ணீர் இல்லை. கெஸ்ட் ஹவுஸில் ஒன்பது ரூம். ஒன்பதுக்கும் பெட்ஷீட் மாற்றி முதுகு போச்சு.

சாயங்காலம் மறுபடி அந்தச் சர்ச் ஆளுங்க. ஸ்டெல்லா அக்கா, கூட இரண்டு பேர். மூன்று மாதமாக ஒரு சனி தவறவில்லை. அரிசி தரவில்லை, பைபிள் தரவில்லை, ஜெபத்துக்கு வா என்றும் கூப்பிடவில்லை. ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து, நாம் ஆக்கியதைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்டால் "பழகத்தான் வர்றோம்". கால்வாய் ஓரம் கொசுக்கடியில் எங்களோடு பழகி இவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? கொடுக்கிறவனையாவது நம்பலாம். ஒன்றும் கொடுக்காமல் வருகிறவர்களை எப்படி நம்புவது.

இன்று என் வீடு. களி, கருவாட்டுக் குழம்பு. "இன்னும் கொஞ்சம் களி போடு விஜயா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் ஸ்டெல்லா அக்கா. தட்டையும் தானே கழுவினார். எங்கள் தெரு பேரைச் சொன்னால் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிக்கிற ஆட்கள் டவுனில் இன்னும் உண்டு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

ஜூன் 4, புதன்

இ-சேவை மையம். மகள் தேன்மொழிக்குச் சாதிச் சான்றிதழ். பழையது கையால் எழுதினது, செல்லாதாம். கொடுத்தது: ரேஷன் கார்டு, ஆதார், டி.சி., என் சான்றிதழ். புதுசு வந்தால்தான் நர்சிங் கவுன்சிலிங்கில் எஸ்.சி. இடம். இல்லையென்றால் அவளுக்கும் பெட்ஷீட்தான்.

கம்ப்யூட்டரில் இருந்த பெண் வேறு யாரிடமோ: "கிறிஸ்டியன் ஆயிட்டா எஸ்.சி. கிடையாதுங்க, பி.சி.தான்." சனிக்கிழமை வருகிற சர்ச் ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஜூன் 7, சனி

ஸ்டெல்லா அக்காவுக்கு இன்று பக்கத்து வீட்டுச் செல்வி வீட்டில் சாப்பாடு. நானும் அங்கேதான். அவர் கை கழுவப் போனார், பை என் பக்கத்தில். உள்ளே ஒரு நோட்டு. திறந்தேன். தப்புதான்.

வீடு வாரியாக எங்கள் தெருவின் பெயர்கள். செல்வி, அவள் மாமியார். அடுத்த பக்கம்: விஜயா, தேன்மொழி. கீழே என்னவோ எழுதியிருந்தது. காலடிச் சத்தம். மூடிவிட்டேன்.

பிறகு செல்வியிடம் சொன்னேன். "பேர் எழுதினா மாறிட்டோம்னு ஆயிடுமா? போக்கா, உனக்கு எப்பவும் சந்தேகம் ஜாஸ்தி." அவளுக்கென்ன, அவள் பிள்ளை மூன்றாவதுதான் படிக்கிறான்.

ஜூன் 9, திங்கள்

லீவு போட்டேன். வேங்கிக்கால், கலெக்டர் ஆபீஸ், மனு நாள். நாளைக்குப் பௌர்ணமி, பஸ்ஸில் இப்போதே கிரிவலக் கூட்டம்.

"மதம் மாற்றப் பட்டியல் வைத்திருக்கிறார்கள்" என்று எழுதினேன். அது மட்டும் இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று, "பல குடும்பங்கள் ஏற்கெனவே மாறிவிட்டன" என்றும் சேர்த்தேன். பேர் போடவில்லை. பெட்டியில் போட்டுவிட்டு ஒரு லெமன் ஜூஸ். நல்ல தூக்கம் வரும்.

ஜூன் 19, வியாழன்

சான்றிதழ் விசாரணைக்கு ரெவின்யூ ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. சார் வந்தார். "இந்தத் தெருவுல நிறைய குடும்பம் மாறிடுச்சுனு மனு வந்திருக்கும்மா. விசாரிக்காம சர்டிபிகேட் போட முடியாது."

என் வரியை என் வாசலில் நின்று எனக்கே படித்துக் காட்டினார். தேன்மொழியோடு சேர்த்து நாலு பிள்ளைகளுக்குச் சான்றிதழ் நிற்கிறது. கவுன்சிலிங்குக்கு எட்டு நாள். மடச்சி நான், மடச்சி.

செல்வி போன் பண்ணி ஸ்டெல்லா அக்கா ஓடி வந்தார். மனுவில் இருக்கிற பட்டியல் எங்கே என்று ஆர்.ஐ. கேட்டதும், நோட்டை அப்படியே அவர் கையில் கொடுத்தார். ஆர்.ஐ. சத்தமாகப் படித்தார். செல்வி, மாமியாருக்குக் கண் ஆபரேஷன். விஜயா, முதுகு வலி. தேன்மொழி, நர்சிங் சீட்டு.

"ஜெபத்துல நினைச்சுக்கத்தான் சார் எழுதி வெச்சேன். இவங்க யாரும் எங்க சபையில இல்லீங்க."

"நாளைக்கு ஆபீஸ் வந்து எழுதிக் குடுங்க. மனு போட்டவங்களே பொய்னு சொன்னா சீக்கிரம் முடியும்." யார் கையெழுத்து என்று மனுவை நீட்டினார். கை மாறி மாறித் தேன்மொழியிடம் வந்தது. பார்த்தாள். "தெரியல சார்."

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "நீயே போய் சொல்லும்மா. இல்லனா நான் சொல்றேன்."

"உனக்காகத்தான்டி எழுதினேன்."

"எனக்காகனு பொய் எழுதுவியா?"

இத்தனைக்கும் பிறகு, இவ்வளவு நல்லவர்கள் இருக்க முடியுமா என்றுதான் மனசு கேட்கிறது. நாய் வாலை நிமிர்த்த முடியாது.

ஜூன் 20, வெள்ளி

போனோம், நானும் தேன்மொழியும். ஸ்டெல்லா அக்கா எங்களுக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் இருந்தார். அவர் காதுபடத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தான் சார் மனு போட்டேன். யாரும் மாறல. பயத்துல எழுதிட்டேன்."

ஆர்.ஐ. திட்டினார். பேப்பர் கொடுத்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை சான்றிதழ் வந்துவிடுமாம், நாலு பேருக்கும்.

வெளியே ஸ்டெல்லா அக்கா கத்துவார் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. "மூணு மாசமா சாப்ட்டேன் விஜயா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

திரும்ப ஒரே பஸ். தேன்மொழி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் சீட் இருந்தது. ஸ்டாப் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.