என் முகத்துக்கு வேறொருத்தி குரல்

அம்மா,

இன்று டப்பிங் அறையில் ஹெட்போனை மாட்டியதும் என் குரலே என் காதுக்குள் வந்தது. உடனே உன் நினைப்புதான். இப்போதெல்லாம் சீரியலில் என் வசனத்தை நானேதான் பேசுகிறேன். இதைச் சொன்னாலும் நீ நம்பமாட்டாய்.

எதைத்தான் நம்பினாய்? அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் இருந்தபோது, ஸ்பெஷல் கிளாஸ் என்று உன்னிடம் சொல்லிவிட்டு நாடக ஒத்திகைக்குப் போனேன். கடலூர் முதுநகரில் நம் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, வாட்ச்மேனை ஒரு தடவை, என் அறைத்தோழியை ஒரு தடவை விசாரித்துவிட்டு அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாய். மூன்று பேர் பதிலும் மூன்று விதம். உனக்குக் கோபம்கூட வரவில்லை. கண்டுபிடித்துவிட்ட திருப்திதான் முகத்தில் இருந்தது.

சீரியலில் எனக்கு மகள் வேஷம் கிடைத்தபோது, சர்க்கரை நோயில் உன் பார்வை போயிருந்தது. என் பேச்சில் கடலூர் வாடை அடிக்கிறதென்று டைரக்டர் வேறொரு பெண்ணைப் பேசவைத்தார். நீயோ டிவி முன்னால் உட்கார்ந்து காதால் என்னைத் தேடியிருக்கிறாய்.

"அது நீ இல்ல. பெத்தவளுக்குத் தெரியாதா? மெட்ராஸ்ல நெசமா என்னாடி பண்ற?" என்று போனில் கேட்டாய்.

"நான்தாம்மா. கொரலு மட்டும் வேற ஆளு."

"வாய் உன்னுது, பேச்சு வேற ஒருத்தியுதா? யாருகிட்ட காது குத்துற?"

உன்னோடு இருந்த அண்ணி சத்தியமே செய்தார். "அவளுக்கும் பொடவ வாங்கிக் குடுத்து வாய அடைச்சிட்டியா?" என்றாய். சிரித்தேன், அப்புறம் அழுதேன். மகள் ஏதோ தப்பான வேலை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டே நீ போய்விடுவாயோ என்று பயமாக இருந்தது.

டைரக்டரிடம் கெஞ்சி, ஒரே ஒரு வசனத்தை மட்டும் என் குரலில் பேசினேன். "அம்மா, சாப்டியா?" உன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் அதையும் சந்தேகப்படுவாய். அது ஒளிபரப்பான அன்று ஷூட்டிங் முடியத் தாமதமாகிவிட்டது. காலையில் உனக்குப் போன் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் அண்ணிதான் போன் செய்தார். நீ இல்லை. அந்த ஒரு போனை நான் செய்யவே இல்லை.

அந்த வசனம் வந்ததும் நீ சட்டென்று டிவி பக்கம் திரும்பி, "சாப்ட்டேன்டி. நீ சாப்டியா?" என்றாயாம். அண்ணி சொல்கிறார்.

என் ஆறுதலுக்காகச் சொல்கிறாரோ? உன் வயிற்றில் பிறந்தவள்தானே நான். ஊருக்குப் போகும்போதெல்லாம் அதையே திரும்பச் சொல்லச் சொல்கிறேன். நடுவில் குறுக்குக் கேள்வியும் போடுகிறேன். இதுவரை ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, அம்மா.