மதினி, உங்கள் தம்பி என் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்

என் பிரியமுள்ள மதினிக்கு, சண்டை போடவும் மறுநாளே சிரித்துப் பேசவும் எனக்கு வாய்த்த ஒரே ஆளுக்கு,

போய்ச் சேர்ந்தவரிடம் வீட்டுப் பிராது கொண்டுவரக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் பொறுத்திருந்தேன். இனிமேல் முடியாது. உங்கள் தம்பியைப் பெற்றவர்கள் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள். தூக்கி வளர்த்தது நீங்கள். அவரைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

சங்கதி இதுதான். என் மாத்திரையை ஒளித்து வைத்தார். முதலில் அரிசி டிரம்முக்குள் வைத்தார். கண்டுபிடித்தேன். பிறகு பரண்மேல், பழைய மிக்சிக்குப் பின்னால். அதையும் எடுத்துவிட்டேன். கடைசியில் வண்டிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, ராஜபாளையத்து மில்லுக்குத் தன்னோடு கொண்டுபோக ஆரம்பித்தார். நான் இங்கே விரலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன், என் மாத்திரை மில் வாசலில் வெயில் காய்ந்தது.

நீங்கள் இருந்தபோது எனக்கு இந்த நோய் இல்லை. உங்களுக்கு முட்டிவலி, எனக்கு விரல். ஒரு காலையில் எழுந்தால் இரண்டு கையும் வீங்கி, கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. நைட்டி தைக்கக் கொண்டுவந்த பீஸ் கட்டு அப்படியே கிடந்தது. சாயங்காலம் சரியாகும் என்று பார்த்தால் மறுநாளும் அதே கதை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாரம் ஒருநாள் மதுரையிலிருந்து வருகிற டாக்டரம்மாதான் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார். அடியோடு போகாது, ஆனால் மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிடுகிற மாத்திரை ஒன்று கொடுத்தார். அது மெதுவாகத்தான் கேட்கும், பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். அவ்வப்போது ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

பொறுமையாக இருந்தேன் மதினி. என்னைத் தெரியும்தானே உங்களுக்கு, எனக்கும் பொறுமைக்கும் எவ்வளவு தூரம் என்று. அப்படியும் இருந்தேன். மெல்ல மெல்ல விரல் மடங்கியது. நானே தலை சீவிப் பின்னிக்கொண்டேன். மிஷினில் மறுபடி உட்கார்ந்தேன்.

அதற்குள் ஊர் வாய் திறந்துவிட்டது. தெருவில் யாரைப் பார்த்தாலும் உங்களைக் காட்டித்தான் என்னைப் பயமுறுத்துகிறார்கள். எதிர்வீட்டுச் செல்லத்தாய் அக்கா தினமும் ஒருமுறை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "ஏட்டி, ஒங்க மதினி பட்ட பாடு பத்தாதா? அம்புட்டு மாத்திரையும் கிட்னியிலதான் போயி உக்காரும். பேசாம முடக்கத்தான் தோச தின்னு." தின்றேனே! எங்கள் வேலியில் இருந்த முடக்கத்தான் கொடி மொட்டையாகும்வரை தின்றேன். தோசை நன்றாக இருந்தது. விரல்தான் மடங்கவில்லை.

நீங்கள் சாப்பிட்டதும் நான் சாப்பிடுவதும் ஒன்றா? நீங்கள் சாப்பிட்டது செட். மெடிக்கலில் போய் "மேல்வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால், மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, ரோஸில் ஒன்று என்று காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்களே, அது. அதற்குப் பேரும் கிடையாது, எழுதிக் கொடுத்த ஆளும் கிடையாது. அவசரத்துக்குத் தைக்க வேண்டுமா, ஒரு செட். செட்டியார்பட்டியில் சடங்கு வீடா, ஒரு செட். போட்ட செத்த நேரத்தில் எழுந்து ஓடுவீர்கள். இப்படியே வருஷக்கணக்கில் போயிற்று. காலும் முகமும் வீங்கிய பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப் போனோம். கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள்.

இந்த வித்தியாசத்தை உங்கள் தம்பிக்கு எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன்! காதிலேயே ஏறாது. கடைசியில் ஒருநாள் என் முன்னால் வந்து நின்று, "எங்கக்கா மேல சத்தியமாச் சொல்லு, ஒரு மாசம் நிப்பாட்டிப் பாப்போம்" என்றார். உங்கள் பேரை எடுத்த பிறகு நான் எப்படி மறுக்க? சரி என்றேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேரையும் விளக்குமாற்றால் சாத்தியிருப்பீர்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. பழையபடி என்ன, அதைவிட மோசம். ஜாக்கெட் கொக்கியைப் போட முடியவில்லை. தண்ணீர்ச் செம்பு கையிலிருந்து நழுவியது. நைட்டிக் கட்டு கொடுக்கிறவர் வந்து பார்த்துவிட்டு, கட்டை வேறு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்கள் தம்பி தட்டில் சோற்றை வைக்கவில்லை, எறிந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு தின்று முடித்தார். அன்றைக்கு அவர் திருப்பிக் கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

சத்தியமும் வேண்டாம் சாமியும் வேண்டாம் என்று மாத்திரையைத் தேடினேன்; அவர் அரிசி டிரம், பரண் என்று ஒளிக்க ஆரம்பித்தது அப்போதுதான். அது வண்டிப் பெட்டிக்குள் போனதும், போன மாதம் டாக்டரம்மாவிடமே கிளம்பிவிட்டேன். அவரும் கூடவே வந்தார். துணைக்கு என்றா நினைக்கிறீர்கள்? டாக்டரம்மாவோடு சண்டை போட. ராஜபாளையத்தில் பஸ் மாறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கும்வரை முறைத்துக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா என் விரலை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். "வலிக்குப் பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?" என்று வழக்கம்போல் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே ஆகாது. வலிக்கு எப்படி மார்க் போட? பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு என்றேன். "ஏன் நிறுத்துனீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தம்பி முந்திக்கொண்டார்.

"நாந்தான் நிறுத்தச் சொன்னேன். எங்கக்கா மாத்திரை தின்னுதான் செத்தா."

"என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

"செட்டு."

"அதுல என்னென்ன இருந்துச்சு?"

"தெரியாது."

"யாரு எழுதிக் கொடுத்தது? ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களா?"

வெளியே அடுத்த டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தவர் திடீரென்று சொன்னார்.

"நாந்தாங்க வாங்கிட்டு வருவேன். மில்லு விட்டு வரும்போது. எங்கக்கா கேக்காட்டியும் வாங்கிட்டு வருவேன். அவ வலின்னு சொன்னா எனக்குத் தாங்காது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவருக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார். இந்த மாத்திரை வலியை மறைப்பதற்கு இல்லை, நோயைப் பிடித்து வைப்பதற்கு. இதற்கும் பக்கவிளைவு உண்டு. அதனால்தான் ரத்தம் பார்க்கச் சொல்கிறோம், ஏதாவது மாறினால் உடனே குறைப்போம் அல்லது வேறு கொடுப்போம் என்றார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, "அப்பவே எங்கக்காவ இங்க கூட்டிட்டு வந்திருந்தா?" என்றார்.

"அத இப்பச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது மதினி. என் மாத்திரை நல்லது என்று அவர் ஒப்புக்கொண்டால், நீங்கள் சாகாமல் இருந்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாத்திரை எல்லாமே விஷம் என்று நினைத்துக்கொள்வது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. அந்தப் பொட்டலத்தை யார் வாங்கி வந்தது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை இதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மாத்திரையை இப்போது ஒளிப்பதில்லை. ஆனால் டப்பா அவர் கையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறார், கொடுக்க மனசு வருவதில்லை. "குடுங்க, எம்புட்டு நேரம் வாயத் தொறந்துக்கிட்டு இருக்க?" என்று நான் கத்த வேண்டியிருக்கிறது. மருந்து மறுபடி பிடிக்க இன்னும் நாளாகுமாம். அதுவரை விடியும்போது நான் படுகிற பாடு என்னோடுதான். கையில் கிடைத்ததைக் கெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? செல்லத்தாய் அக்கா வேறு இப்போது பிரண்டைக்கு வந்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தை, விரல் மடங்குகிற மத்தியான நேரமாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுதினேன். அவருக்கு வாசித்தும் காட்டினேன். டாக்டரம்மா அறையில் அவர் சொன்ன இடம் வந்ததும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். வந்த பிறகு, "இருக்கட்டும், அந்த வரிய அடிச்சுராத" என்றார்.

ஒரு வாக்குத் தருகிறேன். மருந்தை இனி யார் பேரில் சத்தியம் கேட்டாலும் நிறுத்த மாட்டேன், உங்கள் பேரிலும்தான். அவரோடு சண்டை போடுவேன், அது என் பிறவிக் குணம், அதை விடுவதாகச் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆனால் எவ்வளவு வலித்தாலும், எவ்வளவு கோபம் வந்தாலும், "நீங்கதான வாங்கிக் குடுத்தீக" என்கிற ஒரு சொல் மட்டும் என் வாயிலிருந்து வராது. மதுரை ஆஸ்பத்திரியில் அவர் உங்கள் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் நீங்கள் அதைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி,
பேச்சி