ரேகை சேராத பேனா

மார்ச் 8, சனி

கைவினைச் சந்தையில் இன்று என் மரப் பேனா மேஜை முன்னால் நல்ல கூட்டம். வாங்க வந்த கூட்டமல்ல, எழுதிப் பார்க்க வந்த கூட்டம். சோதிக்க வைத்திருக்கும் தாளில் ஆளுக்கொரு கையெழுத்தைப் போட்டு, தலையைச் சாய்த்து அழகு பார்த்துவிட்டு, பேனாவை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் எனக்குக் கேட்கும்படியே மனைவியிடம், "இந்தக் காசுக்கு ஒரு பெட்டி பேனா வாங்கலாம்" என்றார். வாங்குங்களேன். யார் கையைப் பிடித்தது?

பல் செட் செய்யும் லேபில் அத்தனை வருடம் இருந்தேன். அங்கே குறை சொல்ல வருகிறவருக்கு வாயில் பல் இருக்காது, பாதிப் பேச்சு காற்றாய்ப் போய்விடும். அதன் அருமை இப்போதுதான் தெரிகிறது.

மூடும் நேரத்தில் ஓர் ஆள் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துத் தேக்குப் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல் பாதியில ரேகை ஒரு பக்கம் ஓடுது, கீழ் பாதியில வேற பக்கம் ஓடுதே?"

"மரம்னா அப்படித்தாங்க இருக்கும்."

"ஒரே குச்சியில அறுத்ததுதானே? அப்ப சேரணுமே?"

வாங்கவில்லை. பேனாவைத் திரும்ப வைக்கும்போதுகூட நான் அடுக்கிய வரிசைக்குக் குறுக்காக வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 9

வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மேல் துண்டைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன்.

குச்சியை இரண்டாக அறுத்ததும், இரண்டும் சேருகிற முனையில் பென்சிலால் குறி போடுவேன். பிறகு துளை போட்டு, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டி, முனையைத் தேய்த்துச் சமன் செய்வேன். அந்தத் தேய்ப்பில் குறி போய்விடும். அதற்கப்புறம் எல்லாம் குத்துமதிப்புதான். அழுத்திப் பொருத்திய பேனாவை இனிப் பிரித்தால் மரம் பிளந்துவிடும்.

அந்த ஆள் சொன்னது சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 15, சனி

பூதக்கண்ணாடி மறுபடி வந்தது. ஒரு தேக்குப் பேனாவுக்குச் சொல்லிவிட்டுப் போனது. ரேகை சேர வேண்டும், கிளிப் நேராக இருக்க வேண்டும், மெருகு "இருக்கணும், ஆனா தெரியக் கூடாது". அப்படியென்றால் என்னவென்று கேட்டதற்கு, "செஞ்சுட்டு வாங்க, பார்த்துச் சொல்றேன்" என்றார்.

ஏப்ரல் 5, சனி

இரண்டாவது முறையாகத் திருப்பிவிட்டார். போன வாரம், "பிளாஸ்டிக் மாதிரி மினுங்குது." இந்த வாரம், "உயிரே இல்லையே, தேய்க்காம விட்டுட்டீங்களா?"

தேய்க்காமலா! என்னிடமா! லேத்தில் சுற்றவிட்டு எத்தனை வகைத் தாளில் தேய்க்கிறேன், எந்தப் பசையை எத்தனை பூச்சு பூசுகிறேன், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் காய வேண்டும், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். குழாயும் கிளிப்பும் எங்கே வாங்குகிறேன், எதை எங்கே வாங்கக் கூடாது என்பதுவரை. தெரியாமல் செய்கிறேன் என்று ஒருத்தர் நினைத்துவிடக் கூடாதே.

தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நடுநடுவே "ஏன்?" என்றார். அதற்கும் சொன்னேன்.

அவர் போனதும் பக்கத்து மேஜை சோப்புக்காரம்மா, "என்னம்மா, பாடம் எடுக்கிற மாதிரி எல்லாத்தையும் சொல்றே?" என்றாள்.

"ஆளு வாயடைச்சுப் போகணும்ல?"

"அவரு வாயே திறக்கலையே. நீதானே பேசினே?"

ஏப்ரல் 12, சனி

இன்றைய தரிசனங்கள்:

கைப்பை நிறத்துக்கே பேனா வேண்டும் என்ற அம்மாள். பை ஊதா. ஊதா மரம் எங்கே காய்க்கிறது தாயே?

மரத்தில் கணு இருக்கிறது, விலையைக் குறை என்றவர். அடுத்து வந்தவர், கணு இருக்கிற பேனாதான் வேண்டும், இல்லையென்றால் மரம் என்று எப்படி நம்புவது என்றார். இருவரையும் ஒரே அறையில் பூட்ட வேண்டும்.

பூதக்கண்ணாடியும் வந்தார். மூன்றாவது பேனாவை எடுத்துக்கொண்டார். பாராட்டு ஒரு சொல் இல்லை. "பரவாயில்ல."

ஏப்ரல் 26, சனி

இரண்டு வாரமாக அந்த ஆளைக் காணோம். விட்டது சனி.

மே 3, சனி

விடவில்லை.

காலையில் போனபோது சந்தை மேனேஜரின் அறையில் அதே சட்டை மடிப்பு. முன்னால் ஒரு பெட்டி திறந்திருந்தது. உள்ளே வரிசையாகப் பேனாக்கள், மரப் பேனாக்கள். எனக்கு ஒரு கணம் புரியவே இல்லை. வாங்கிச் சேர்த்திருக்கிறார் போல என்றுதான் முதலில் நினைத்தேன், பைத்தியம் மாதிரி.

அவரே செய்தவை. லேத் வாங்கிவிட்டாராம்.

இந்தச் சந்தையில் ஒரு தொழிலுக்கு ஒரு மேஜைதான். ஜூனில் என் மேஜைக்கான தவணை முடிகிறது. மேனேஜர் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு, "இந்த மாசம் முழுக்க ரெண்டு பேரும் எதிர்எதிர்ல போடுங்க. யாருகிட்ட ஜனம் நிக்குதோ அவங்களுக்கு மேஜை" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். அவர் என்னிடம் கேட்டது பேனா அல்ல. நான்தான், நானேதான், ஒவ்வொரு நொட்டைக்கும் ஒரு பாடம் என்று அள்ளிக் கொடுத்தேன். சோப்புக்காரம்மா என் முகத்தைப் பார்க்காமல் சோப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நாகரிகம்கூட எரிச்சலாக இருந்தது.

மே 4

கணவரிடம் சொன்னேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் மனிதர், எதையும் பதறாமல் கழற்றிப் பார்ப்பார். "மேஜை போச்சுன்னா லேபுக்கே திரும்பிடு. அவங்க கூப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க?"

திரும்ப மாட்டேன். ஊரான் வாய்க்கு அச்சு எடுத்துக்கொண்டு, முதலாளி வரும் காலடி ஓசைக்குக் குனிந்து உட்கார்ந்து, பெயரே போடாத ஒரு பொருளைச் செய்துகொண்டு... மாட்டேன். கடைகளில் கொடுக்கலாமென்றால் பாதி விலையை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மேஜைதான் எனக்கு இருக்கிறது. இதை அந்த ஆளுக்குக் கொடுக்க முடியாது. முடியாதுன்னா முடியாது.

மே 10, சனி

எதிரிலேயே போட்டிருக்கிறார். நல்லாயிருக்கு. அதைத்தான் தாங்க முடியல. ரேகை மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக ஓடுகிறது. குறி அழிந்து போகாமல் எப்படிச் செய்கிறார்? எந்தப் பேனாவிலும் தவறவில்லை. போய்க் கேட்க முடியுமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

அவரிடம் ஆறு போயிற்று. என்னிடம் ஒன்று.

மே 17, சனி

ஊதாப் பை அம்மாள் இன்று அவரிடம் போனாள். காதைத் தீட்டிக்கொண்டேன். நிறம் ஒத்துவரவில்லை என்றாள். "உங்களுக்குப் பார்க்கத் தெரியலைங்க" என்றார் அவர். அந்த அம்மாள் முகம் பையின் நிறத்துக்கே வந்துவிட்டது.

நேரே என்னிடம் வந்தாள். "பையைக் கொடுங்க, பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்" என்றேன், இதுவரை எந்த மகராசியிடமும் காட்டாத பொறுமையோடு. கருங்காலியில் ஒன்று வாங்கினாள். நல்ல மனதால் அல்ல, எதிரில் இருக்கிறவர் பார்க்க வேண்டும் என்றுதான்.

ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். நொட்டை சொல்கிற ஆளுக்கு நொட்டை கேட்க வராது.

மே 20

யோசனை வந்துவிட்டது. கெட்ட யோசனை.

என் நாத்தனார். இவருடைய அக்கா. நான் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பவர். நான் வைத்த குழம்பை ருசி பார்த்துவிட்டு, "உடம்புக்கு நல்லதுதான்" என்பவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அனுபவித்ததை அந்த ஆளும் அரை மணி நேரம் அனுபவிக்கட்டுமே.

போனில் சொன்னேன். "அண்ணி, சனிக்கிழமை சந்தைக்கு வாங்களேன். ஒருத்தர் பேனா விக்கிறாரு. சும்மா பார்த்து, உங்களுக்குத் தோணுறதைச் சொன்னா போதும்."

"எனக்கு என்னம்மா தெரியும்?" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

மனசாட்சி குத்துகிறதா? கொஞ்சம். பேனா முனை அளவுக்கு.

மே 24, சனி

அண்ணி வந்தார். என்னைத் தெரியாதவர் போல எதிர் மேஜைக்குப் போனார். முதல் பேனா கனம். இரண்டாவது காற்று மாதிரி. மூன்றாவதைத் திருகினால் சத்தம். நான்காவதில் சத்தமே இல்லை, மூடியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றையும் எடுத்துச் சேலை முந்தானையால் துடைத்துவிட்டு வைத்தார், ஏதோ தூசி படிந்திருந்தது போல.

பூதக்கண்ணாடி முதலில் விளக்கம் சொன்னார். பிறகு பல்லைக் கடித்தார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, மிஷின்ல அடிச்சதா?" என்று அண்ணி கேட்டதும் அந்த ஆள் அண்ணியின் கையிலிருந்த பேனாவை வெடுக்கென்று பிடுங்கி, "உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா பேனா? போங்க, போங்க!" என்று கத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது. மேனேஜரும்.

எல்லாம் கச்சிதம். அண்ணி அத்தோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அங்கிருந்து நேரே என் மேஜைக்கு வந்து, எதிர் மேஜைக்குக் கேட்கும்படி, "போதுமாம்மா, இன்னும் கொஞ்சம் சொல்லணுமா?" என்றார்.

பூதக்கண்ணாடி பார்த்தார். என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். நேராக இருந்த பேனாக்களை நான் மறுபடி நேராக்கினேன்.

மே 31, சனி

மேஜை எனக்கே. "கஸ்டமர்கிட்ட கத்துறவரை வெச்சுக்க முடியாதும்மா" என்றார் மேனேஜர்.

அவர் பெட்டியைக் கட்டிவிட்டு வெளியே போகும் வழியில் என் மேஜை முன்னால் நின்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"குறை சொல்ல நான் ஆள் அனுப்பலைங்க. நானே வந்தேன்."

வீட்டுக்கு வந்தபின் ஏழெட்டுப் பதில்கள் வந்தன. ஒன்றுகூட உண்மையாக இல்லை.

ஜூன் 14, சனி

செய்த உபகாரத்துக்கு அண்ணி ஒரு பேனா கேட்டார். கொடுத்தேன். திரும்பி வந்தது. இன்னொன்று கொடுத்தேன். "ரேகை சேரலையேம்மா" என்று அதுவும் வந்தது. காசு கொடுத்து வாங்குகிறவரையாவது போய்யா என்று சொல்லலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஜூன் 28, சனி

மூன்றாவதும் திரும்பிவிட்டது. சந்தையில் வேறு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாங்க வந்தவரிடம், "அது வேண்டாம், இதை எடுங்க, அதுல கிளிப் கோணல்" என்கிறார். கோணல்தான். கண்ணா அது?

ஜூலை 6

அண்ணி வீட்டுக்குப் போயிருந்தோம். கூரியர்காரர் வந்தார். கையெழுத்துப் போட அண்ணி பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். தேக்கு. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது.

"அவர்கிட்டதாம்மா வாங்கினேன். வீட்டுலயே வெச்சு விக்கிறாரு. உன்கிட்ட மூணு தடவை கேட்டும் சரியா வரலையே, நான் என்ன பண்றது?"

வாங்கிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கிளிப் மயிரிழை அளவு சாய்ந்திருக்கிறது என்று தோன்றியது. மறுபடி பார்த்தேன். சாயவில்லை. இவர் சோபாவிலிருந்து, "என்ன, அதுக்குள்ளயே போயிடுவே போலிருக்கே?" என்றார்.

"எப்படிண்ணி ரேகை இவ்வளவு சரியாச் சேருது அந்த ஆளுக்கு?"

"முனையில குறி போட்டா தேய்ஞ்சிடுமாம். பித்தளைக் குழாய்க்கு உள்பக்கமா மையால ஒரு புள்ளி வைக்கணுமாம். அதைத் தேய்க்கிறதே இல்லையாமே."

"உங்ககிட்ட சொன்னாரா! உங்களைப் போய் விரட்டினவரு?"

"ரேகை லேசா விலகின மாதிரி இருக்கேன்னேன், அவ்வளவுதான். உட்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிட்டாரு." அண்ணி என் கையிலிருந்து பேனாவை வாங்கி முந்தானையால் துடைத்துப் பைக்குள் போட்டார். "இந்தப் பேனா செய்றவங்களே அப்படித்தான்போல. நொட்டை சொன்னா போதும், மூச்சு விடாம சொல்லிடறீங்க."

ஜூலை 7

தேக்கு அறுத்தேன். இரண்டு குழாயிலும் புள்ளி வைத்தேன். உள்ளே.