எதிரே வரும் வண்டிக்கு ஒரு விரல்

டப்ளின்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் மழையைப் பற்றிச் சொல்வீர்கள். பிறகு வழக்கம்போல, "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வீர்கள். அம்மா இறந்துபோன இந்த ஒன்றரை வருடமாக நாம் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். நாற்பத்தெட்டு வயதில். கட்டாயப் பாடங்கள் பன்னிரண்டும் முடிந்துவிட்டன. பழைய கார் ஒன்றும் வாங்கியாகிவிட்டது. பச்சை நிறம், அது நான் தேர்ந்தெடுத்ததல்ல.

கோடை விடுமுறையில் பாலிவாஹனிலிருந்து கில்கீ வரை கடலை ஒட்டியே போக வேண்டும் என்று ஆசை. மூன்று நாள் போதும். காரில் இன்னும் கற்றுக்கொள்பவர் பலகைதான். பக்கத்தில், முழு லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடமாவது ஆனவர் ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். அதே சாலையில் முப்பது வருடம் ரொட்டி வேன் ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். வருவீர்களா?

ஒரே நிபந்தனை. கத்தக் கூடாது.

அன்புடன்,
டெர்வ்லா

*

கொரோஃபின்
19 பிப்ரவரி

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை. அதைச் சொல்லாமல் எனக்குத் தொடங்க வராது. எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே, பேனா மொத்தமானது.

வழியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். முதல் ராத்திரி டூலின், இரண்டாவது கில்கீ. லாஹிஞ்சில் சாப்பிடலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகாதே, ஊரே அங்கேதான் இருக்கும். க்வில்ட்டியில் சர்ச்சைத் தாண்டியதும் ஹெஹிர் கடையில் வலதுபக்கம் திரும்பு. அந்த வளைவு குறுகல், ஹாரன் அடி. போன வாரம்கூட அந்தப் பக்கம் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாலை நன்றாகத்தான் இருக்கிறது.

எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கு. கையை ஆட்டாதே, டப்ளின்காரி என்று தெரிந்துவிடும். தூக்காமலே போனால் இன்னும் மோசம். "மலக்கி பொண்ணுக்கு என்ன இவ்வளவு தலைக்கனம்?" என்பார்கள்.

உன் அம்மா கோடை வந்தால் கேட்பாள்: "ஒரே ஒரு ராத்திரி கில்கீயில தங்கலாமா?" நான், "வாரத்துல ஆறு நாள் அந்த ரோட்டுலதான் கெடக்கிறேன், ஏழாவது நாளுமா?" என்பேன். முப்பது வருடத்தில் அந்தக் கடலில் நான் கால் நனைத்ததில்லை. ரொட்டியை இறக்கு, காலித் தட்டை ஏற்று, அடுத்த ஊர்.

வருவேனா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வழியைப் போட்டு வைப்போம்.

உன் அப்பா

*

டப்ளின்
11 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

வரலாறு படித்தவளுக்கு ஆதாரத்தைச் சரிபார்க்காமல் தூக்கம் வராது. சனிக்கிழமை உங்கள் தாளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கில்கீ வரை போய்வந்தேன். அவ்வளவு தூரம் வந்தும் வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்பது கீழே.

டிரைவரிடம் ஹெஹிர் கடை எங்கே என்று கேட்டேன்.

"ஹெஹிரா? அந்த மனுஷன் செத்தே பன்னெண்டு வருஷமாச்சும்மா. கடைய இடிச்சு கார் நிறுத்துற எடமாக்கிட்டாங்க. யாரு உங்களுக்கு வழி சொன்னது?"

"எங்கப்பா."

"அவராவது உயிரோட இருக்காரா?"

"நேத்து வரைக்கும் இருந்தார்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், திரும்பி வரும்வரை. போன வாரம் அந்தப் பக்கம் போனவர் இல்லாத கடையில் எப்படித் திரும்பியிருப்பார்? நீங்கள் போகவில்லை, அப்பா.

என்னோடு வர விருப்பமில்லை என்றால் நேராகவே சொல்லலாம். பத்தொன்பது வயதில் உங்கள் வேனைச் சர்ச் சுவரில் உரசினேன். "எறங்கு. உனக்கு இது வராது" என்றீர்கள். இறங்கி மூன்று மைல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட எனக்கு இருபத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது. இன்னும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? எழுதிவிடுங்கள். தெரிந்துகொண்டால் போதும்.

டெர்வ்லா

*

கொரோஃபின்
2 ஏப்ரல்

அன்பு மகளுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

போகவில்லைதான். காரே வீட்டில் இல்லை, விற்றுவிட்டேன். நவம்பரில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நேராகப் பார்த்தால் நடுவில் புகை அடைத்த மாதிரி இருக்கிறது; ஓரம் மட்டும்தான் தெரிகிறது. உன் கடிதங்களைப் பக்கத்து வீட்டுக் கான்சிடைன் அம்மாள்தான் படித்துக் காட்டுகிறாள். இனிமேல் என்னைத் திட்டினால் அவள் காதிலும் விழும் என்பதை நினைவில் வை.

நீ "எறங்கு" என்று எழுதியிருந்த இடத்தில் அவள் படிப்பதை நிறுத்திவிட்டாள். "அப்படியா சொன்னே மலக்கி? பெத்த பொண்ணுகிட்டயா?" "சொன்னேன்" என்றேன். அன்றைக்கு எனக்குத் தேநீர் போட்டுத் தரவில்லை.

வேன் முதலாளியுடையது. வேலை போய்விடும் என்ற பயத்தில் கத்தினேன். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ நடந்த அந்த மூன்று மைலும் நான் பின்னாலேயே, விளக்கை அணைத்துவிட்டு, ஊர்ந்துகொண்டு வந்தேன். நீ திரும்பியே பார்க்கவில்லை. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வராது என்றது தப்பு, டெர்வ்லா. சொல்லிக்கொடுக்கத்தான் எனக்கு வரவில்லை.

ஆகவே சட்டப்படி நான் உன் பக்கத்தில் உட்கார லாயக்கில்லாதவன். வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போ. கடலைச் சரியாகப் பார்க்கக்கூட முடியாதவன் வந்து என்ன செய்ய?

அப்பா

*

டப்ளின்
24 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கும், இதைப் படித்துக்காட்டும் கான்சிடைன் அம்மாளுக்கும்,

ஏப்ரலில் அவசரமாக வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனேனே, அப்போது சொல்லாத ஒன்று: உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே ஓட்டுநர் தேர்வுக்கு நாள் கேட்டு எழுதிவிட்டேன்.

மே மாதம் தோற்றேன். காரணம் நீங்கள். எதிரே வந்த வண்டிக்கெல்லாம் விரலைத் தூக்கிக்கொண்டே போனேன். டப்ளினில்! யாரும் திருப்பித் தூக்கவில்லை. ஒரு லாரிக்காரருக்கு வணக்கம் சொன்ன மும்முரத்தில் சிவப்பு விளக்கைக் கவனிக்கவில்லை. தேர்வாளர், "யாரும்மா இவங்கெல்லாம், சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். பத்து விரலும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. தேறிவிட்டேன்.

இனி என் பக்கத்தில் யாரும் உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பக்கத்துச் சீட் காலியாகவே இருக்கலாம். அதனால் இப்போது சட்டத்துக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்கிறேன். ஜூலை 11, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. டூலினிலும் கில்கீயிலும் அறைக்குச் சொல்லிவைத்துவிட்டேன். கடலில் கால் நனைக்கக் கண் தேவையில்லை.

ஒரு சிக்கல்தான் பாக்கி. அந்தக் குறுகல் சாலையில் என்னால் விரலைத் தூக்க முடியாது. இரண்டு கையும் எனக்கு வேண்டும். எதிரே வண்டி வந்தால் "வருது" என்று நான் சொல்கிறேன். விரலை நீங்கள் தூக்குங்கள்.

அன்புடன்,
டெர்வ்லா

*

கொரோஃபின்
1 ஜூலை

அன்பு மகளுக்கு,

கான்சிடைன் அம்மாள் என்னைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்துப் பழக்குகிறாள். "வருது" என்கிறாள், நான் தூக்குகிறேன். "லேட்டு, மலக்கி, அவன் போயாச்சு" என்கிறாள். நீ சொன்ன வியாழனுக்குள் சரியாகிவிடும்.

பெட்டி கட்டியாகிவிட்டது. அதன் மேலே உன் அம்மாவின் நீலக் கோட்டு இருக்கிறது. கில்கீக்குப் போட்டுக்கொள்ள என்று ஒரு வருடம் வாங்கினாள். அங்கே காற்று அதிகம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விலைச்சீட்டு இன்னும் அதில்தான் தொங்குகிறது. பின்சீட்டில் இடம் இருக்கும்தானே?

ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன். பச்சைக் கார் என்று சொன்னாய். பச்சை எனக்கு இன்னும் ஓரத்தில் தெரிகிறது.

உன் அப்பா
மலக்கி