மாய் சாவ் கொசுக்கள்

வின்,

நண்டுச் சாறு அடுப்பில் இருக்கிறது. சூடாக்கி நூடுல்ஸில் ஊற்றிக்கொள்ளுங்கள். வண்டிச் சாவி ஃப்ரிட்ஜ் மேல். அம்மா வீட்டுக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். நேற்று ராத்திரிச் சண்டைக்காகப் போகவில்லை.

ஆனாலும் எனக்குப் புரியவே இல்லை. கோடை விடுமுறையில் பாதி ஹனோய், பாதி மாய் சாவ் வயல்வெளி என்று சேர்ந்துதானே முடிவு செய்தோம்? திடீரென்று, "அந்த மரவீட்டுல கொசு பிடுங்கும், ஹனோய்லயே இருந்துடலாம்" என்கிறீர்கள். நம் ஹை ஃபோங்கில் இல்லாத கொசுவா?

அதனால் காலையில், மாய் சாவில் நாம் தங்கவிருந்த அந்த மரவீட்டுக்கார அக்காவுக்கே போன் செய்து, கொசுவலை உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"வலையெல்லாம் இருக்கும்மா. உன் வீட்டுக்காரர் நேத்து மத்தியானமே பேசினாரு. இங்க எல்லாரும் ஒரே கூடத்துல திரை கட்டித்தான் படுப்போம்னு சொன்னேன். 'ஐயோ, என் பொண்டாட்டி பயங்கரமா கொறட்டை விடுவா, அவளுக்கே தெரியாது. யாராச்சும் சிரிச்சா நொந்துபோயிடுவா, தனி அறை இல்லையா'ன்னு கேட்டாரு."

நானா? குறட்டையா?

"எங்க வயல் தவளைங்களைவிடவா கத்திடப் போற, வா" என்றார். கூடத்திலேயே இரண்டு பேருக்கு இடம் சொல்லிவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

லியென்

பி.கு.: சாற்றில் காரம் தூக்கலாக இருக்கும். போன் பேசுவதற்கு முன்னால் போட்ட மிளகாய்.

இன்னும் ஒன்று. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் நீங்கள் எப்படித்தான் தூங்கினீர்கள்?